573 பேர் வாழும் ஊரில் ஏன் இத்தனை தேவாலயங்கள்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் பிளெய்ன்ஸ். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வசித்தவர்கள் 573 பேர்தான். உங்கள் புளோக்கில் குடியிருப்போரின் எண்ணிக்கையே அதைவிட அதிகமாக இருக்கலாம்!

ஒரே ஒரு சின்னக் கடைத்தெரு. சுற்றிலும் வேர்க்கடலை வயல். ஆனால் ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் தேவாலயங்களுக்கு மட்டும் குறைவே இல்லை. பாப்டிஸ்ட் சபை இருக்கு. அதே பாப்டிஸ்ட் பெயரில் இன்னொன்றும் இருக்கு. மெத்தடிஸ்ட் சபை இருக்கு. கறுப்பினத்தவரின் சபைகள் தனியாக இருக்கின்றன.

எல்லாருக்கும் அதே இயேசு, அதே பைபிள். அப்புறம் ஏன் இத்தனை கட்டடங்கள்? பாட்டும் வழிபாடும் ஏன் சபைக்குச் சபை மாறுகின்றன?

"கொள்கை வேறுபாடு" என்பது பாதி பதில்தான். மீதிப் பாதிக்கு, யாரை உள்ளே விட்டார்கள், யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதலில், ஏன் பிளெய்ன்ஸ்?

அமெரிக்காவின் 39ஆவது அதிபர் ஜிம்மி கார்ட்டர் பிறந்து வளர்ந்த ஊர் அது. 2024 டிசம்பர் 29ஆம் தேதி, 100 வயதில் அவர் காலமானதும் அங்கேதான். அவரால் அந்த ஊரின் தேவாலயக் கதை உலகச் செய்தியானது.

ஆனால் அந்தக் கதை பிளெய்ன்ஸுக்கு மட்டும் உரியதில்லை. ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலைனா போன்ற தென் மாநிலங்களை "பைபிள் வட்டாரம்" என்பார்கள். அங்கே எந்தச் சிற்றூருக்குப் போனாலும் இதே மாதிரி ஒரு வரைபடம் கிடைக்கும்.

அங்கே புதிதாக ஒருவரைச் சந்தித்தால், பெயருக்கு அடுத்ததாக "எந்தச் சபைக்குப் போறீங்க?" என்று கேட்பது சகஜம். "சாப்பிட்டாச்சா?" என்று நாம் கேட்கிற மாதிரி!

பிரிவு எங்கே தொடங்கியது?

மூன்று ஆண்டுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

1816: பிலடெல்ஃபியா நகரில் ரிச்சர்ட் ஆலன் என்பவர் ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையைத் தொடங்கினார். சுருக்கமாக ஏ.எம்.ஈ. சபை. ஆலன் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். அவரும் நண்பர்களும் சென்றுகொண்டிருந்த மெத்தடிஸ்ட் ஆலயத்தில், முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை அங்கிருந்து எழுப்பி இழுத்த சம்பவம் நடந்தது. அவர்கள் வெளியேறினார்கள். தங்களுக்கென ஒரு சபையைக் கட்டினார்கள்.

1844: ஜார்ஜியாவைச் சேர்ந்த மெத்தடிஸ்ட் பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூவிடம் அடிமைகள் இருந்தார்கள். ஒரு பேராயர் மனிதர்களைச் சொத்தாக வைத்திருக்கலாமா? அந்தக் கேள்வியில் அமெரிக்க மெத்தடிஸ்ட் சபை வடக்கு, தெற்கு என்று இரண்டானது.

1845: அடிமைகளை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்ப முடியாது என்று பாப்டிஸ்ட் அமைப்புகள் மறுத்தன. தெற்கத்தியர்கள் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் கூடித் தங்களுக்குத் தனி அமைப்பை உருவாக்கினார்கள். அதுதான் சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன். இன்று அமெரிக்காவின் ஆகப் பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்பு அதுவே. அடிமைமுறைக்குத் துணைபோனதற்காக அது 1995இல், அதாவது 150 ஆண்டுகள் கழித்து, மன்னிப்புக் கேட்டது.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. அதுவரை தெற்கில் பல கறுப்பினத்தவர் எஜமானர்களின் ஆலயங்களிலேயே வழிபட்டார்கள். ஆனால் மாடியிலோ பின்வரிசையிலோதான் இடம். விடுதலை கிடைத்ததும் அவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறி, சொந்தமாக ஆலயங்களைக் கட்டிக்கொண்டார்கள்.

ஒரே ஊரில் இரண்டு பாப்டிஸ்ட், இரண்டு மெத்தடிஸ்ட் ஆலயங்கள் இருப்பது இப்படித்தான் வழக்கமானது. ஒன்று வெள்ளையருடையது. மற்றொன்று கறுப்பினத்தவருடையது.

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிதான் அமெரிக்காவில் இனங்கள் ஆக அதிகமாகப் பிரிந்து கிடக்கும் நேரம் என்று மார்ட்டின் லூதர் கிங் வருத்தத்தோடு சொல்வதுண்டு. அவரே ஒரு பாப்டிஸ்ட் போதகர். அட்லாண்டாவில் பிறந்த ஜார்ஜியாக்காரர்.

சரி, உள்ளே போனால் என்ன பார்க்கலாம்?

தெற்கத்திய சிற்றூர் ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்ப்போம்.

பாப்டிஸ்ட்: தண்ணீரும் வாக்கும்

பிரசங்க மேடைக்குப் பின்னால் பாருங்கள். திரை போட்ட சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். ஞானஸ்நானம் அங்கேதான். குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இவர்களிடம் இல்லை. விவரம் தெரிந்த வயதில் "நான் நம்புகிறேன்" என்று சொல்பவரைத் தண்ணீருக்குள் முழுசாக முக்கி எடுப்பார்கள். அந்தக் காலத்தில் தொட்டிக்குப் பதிலாக ஆறு, குளம்.

ஆராதனைக்கு முன்னால் ஞாயிறு பள்ளி. அது சிறுவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 80 வயதுத் தாத்தாவுக்கும் வகுப்பு உண்டு!

அப்புறம் பியானோ, பாட்டுப் புத்தகம், நீண்ட பிரசங்கம். கடைசியில் ஓர் அழைப்பு: "இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புபவர்கள் முன்னால் வாருங்கள்". மெதுவான ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். யாராவது எழுந்து நடப்பார்களா என்று மொத்தச் சபையும் காத்திருக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். பாப்டிஸ்ட் சபைகளுக்கு மேலே பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தனித்து இயங்கும். போதகரை நியமிப்பது, நீக்குவது, யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என எல்லாவற்றையும் உறுப்பினர்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். சபையின் அன்றாடப் பொறுப்புகளைக் கவனிப்பவர்கள் டீக்கன்கள்.

இதை மறக்காமல் வைத்திருங்கள். பிளெய்ன்ஸில் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

மெத்தடிஸ்ட்: பேராயர் அனுப்பும் போதகர்

இங்கே கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் உண்டு. தலையில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். போதகரைச் சபையார் தேர்ந்தெடுப்பதில்லை. பேராயர் அனுப்புவார். சில ஆண்டுகளில் வேறு ஊருக்கு மாற்றியும் விடுவார். அரசாங்க வேலையில் இடமாற்றம் வருவது போலத்தான்.

ஆராதனை அமைதியாக, ஒழுங்குமுறையோடு நடக்கும். எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் ஜெபங்கள் உண்டு. திருவிருந்தில் திராட்சை மதுவுக்குப் பதில் திராட்சைச் சாறு. இதற்குப் பின்னால் சுவாரஸ்யமான ஒரு கதை இருக்கு. தாமஸ் வெல்ச் என்ற மெத்தடிஸ்ட் பல் மருத்துவர், புளிக்காத திராட்சைச் சாற்றைப் பதப்படுத்தும் வழியை 1869இல் கண்டுபிடித்தார். மது இல்லாத திருவிருந்து வேண்டும் என்பதே அவரது நோக்கம். பேரங்காடியில் "வெல்ச்" என்ற பெயரில் திராட்சைச் சாறு பார்த்திருக்கிறீர்களா? அதன் தொடக்கம் அதுதான்.

ஜிம்மி கார்ட்டர் பாப்டிஸ்ட். மனைவி ரோசலின் மெத்தடிஸ்ட் குடும்பம். 1946ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி அவர்களின் திருமணம் நடந்தது பிளெய்ன்ஸ் மெத்தடிஸ்ட் ஆலயத்தில். ஆக, சபை விட்டுச் சபை திருமணம் செய்வதில் ஊருக்குப் பெரிய தயக்கம் இல்லை. தயக்கமெல்லாம் நிறத்தில்தான்.

கறுப்பினத்தவரின் சபைகள்: ஒருவர் அழைக்க, எல்லாரும் பதில் சொல்ல

பெயர்ப் பலகையில் இங்கேயும் பாப்டிஸ்ட் என்றோ மெத்தடிஸ்ட் என்றோதான் எழுதியிருக்கும். கொள்கையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உள்ளே நுழைந்தால் வேறோர் உலகம்.

வெள்ளைக் கையுறை அணிந்தவர்கள் வாசலில் வரவேற்று, உங்களை இருக்கைக்கு அழைத்துச் செல்வார்கள். மேலங்கி அணிந்த பாடற்குழு ஆடி அசைந்தபடி வரும். ஹேமண்ட் ஆர்கன் ஒலிக்கும். போதகர் பேசப் பேச "ஆமென்!", "சொல்லுங்க!" என்று குரல்கள் எழும். பிரசங்கம் மெல்ல மெல்லப் பாட்டாகவே மாறிவிடும். நேரம்? மதிய உணவைப் பற்றிக் கவலைப்படாமல் உட்காருங்கள்.

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது? அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதைப் பல தென் மாநிலங்களில் சட்டமே தடுத்தது. பாட்டுப் புத்தகம் இருந்தாலும் வாசிக்கத் தெரியாது. அதனால் ஒருவர் ஒரு வரியைச் சொல்ல, மற்றவர்கள் அதை இழுத்துப் பாடினார்கள். பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவதைக் கேட்டிருப்பீர்களே, ஏறக்குறைய அதேதான். அதோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தாளமும் கலந்தது.

20ஆம் நூற்றாண்டில் இதன்மேல் இன்னொரு அடுக்கு சேர்ந்தது. ஜார்ஜியாவின் வில்லா ரிக்காவில் 1899இல் பிறந்த தாமஸ் டார்சி, ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகன். இரவு விடுதிகளில் புளூஸ் இசைக்குப் பியானோ வாசித்தவர். அதே இசையை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். முதலில் முகம் சுளித்தவர்கள் பலர். இன்று அவரை "காஸ்பல் இசையின் தந்தை" என்கிறார்கள்.

பிளெய்ன்ஸுக்கு மேற்கே சில கிலோமீட்டரில் ஆர்ச்சரி என்ற குக்கிராமம் இருக்கு. கார்ட்டர் சிறுவனாக வளர்ந்த பண்ணை அங்கேதான். அண்டை வீட்டார் பெரும்பாலும் கறுப்பினத்தவர். அந்த ஊரின் ஆக மதிப்புமிக்க மனிதர் ஒரு வெள்ளையர் இல்லை. ஏ.எம்.ஈ. சபையின் பேராயர் வில்லியம் டெக்கர் ஜான்சன். கறுப்பினப் பிள்ளைகளுக்காக அவர் அங்கே ஒரு கல்வி நிலையத்தையும் நடத்தினார். ஆர்ச்சரியின் செயின்ட் மார்க் ஏ.எம்.ஈ. ஆலயத்துக்குத் தன் குடும்பம் எப்போதாவது சென்றதைக் கார்ட்டர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

வெள்ளையர் கறுப்பினத்தவரின் ஆலயத்துக்குப் போகலாம். விருந்தினராக மரியாதையும் கிடைக்கும். எதிர்த்திசையில் போகத்தான் முடியாது.

பெந்தெகொஸ்தே: ஒன்றாகத் தொடங்கி இரண்டானது

டிரம்ஸ், கித்தார், உயர்த்திய கைகள், அந்நிய பாஷையில் ஜெபம், நோயாளிகளுக்காகக் கைவைத்து மன்றாடுதல். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பெந்தெகொஸ்தே ஆராதனைக்குப் போயிருந்தால் இது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

இதன் பெரும் அலை 1906இல் லாஸ் ஏஞ்சலிஸின் அசூசா தெருவில் எழுந்தது. தலைமை தாங்கியவர் வில்லியம் சீமோர். லூசியானாவில், முன்னாள் அடிமைகளின் மகனாகப் பிறந்தவர். அங்கே கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தோளோடு தோள் நின்று ஜெபித்தார்கள். அந்தக் காலத்தில் அது ஓர் அதிசயம்.

ஆனால் அது நீடிக்கவில்லை. 1914இல் ஆர்கன்சா மாநிலத்தில் அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் உருவானபோது அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். மெம்ஃபிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட் பெரும்பாலும் கறுப்பினத்தவருடையது.

ஆங்கிலப் படங்களில் பாம்பைக் கையில் பிடித்து ஆராதிப்பதைக் காட்டுவார்களே? அப்பலாச்சிய மலைப்பகுதியில் அப்படிச் சில சபைகள் உண்டு. மிக மிகச் சில. தெற்கு முழுவதும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

இசைக்கருவியே இல்லாத சபைகள்

சர்ச்சஸ் ஆஃப் கிரைஸ்ட் சபைகளில் பியானோகூட இருக்காது. புதிய ஏற்பாட்டில் இசைக்கருவி பற்றிச் சொல்லவில்லை என்பது அவர்களின் விளக்கம். குரல் மட்டும்தான். பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்ற பழமைவாதப் பிரிவினரும் அப்படியே. ஞாயிறு பள்ளிகூட அவர்களிடம் கிடையாது. ஆனால் ஒருவர் காலை மற்றவர் கழுவும் சடங்கு உண்டு.

ஜார்ஜியாவிலிருந்து வந்த இன்னொரு பழைய பாணி "சேக்ரட் ஹார்ப்". 1844இல் வெளிவந்த பாட்டுப் புத்தகத்தின் பெயர் அது. பாடுபவர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி சதுரமாக உட்காருவார்கள். இசைக்குறிகள் நான்கு வடிவங்களில் இருக்கும். முதலில் ஃபா, சோல், லா, மி என்று குறிகளையே பாடிவிட்டு அப்புறம்தான் சொற்கள். கர்நாடக சங்கீத வகுப்பில் கீதம் கற்றவர்களுக்கு இது உடனே புரியும். நாமும் முதலில் ஸ்வரம், பிறகு சாகித்யம் என்றுதானே பாடம் பண்ணுகிறோம்?

ஓர் இந்திய மாணவர் வந்த நாள்

இதுவரை படித்ததும் "எல்லாம் கறுப்பு வெள்ளைப் பிரச்சினை, நமக்கென்ன?" என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள்.

பிளெய்ன்ஸிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் அமெரிக்கஸ் என்ற ஊர். நாட்டின் பெயர் இல்லை, ஊரின் பெயரே அதுதான். அதன் அருகே 1942இல் கிளாரன்ஸ் ஜார்டன் என்ற பாப்டிஸ்ட் அறிஞர், மனைவியுடனும் நண்பர்களுடனும் சேர்ந்து கொய்னோனியா என்ற பண்ணையைத் தொடங்கினார். அங்கே கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக உழைத்தார்கள். ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். 1940களின் ஜார்ஜியாவில் ஒரே மேசையில் சாப்பிடுவதே பெரும் கலகம்.

பண்ணையைச் சேர்ந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அருகிலிருந்த ரெஹோபோத் பாப்டிஸ்ட் ஆலயத்துக்குப் போவார்கள். 1950இல் ஒரு நாள் தங்களோடு விருந்தினர் ஒருவரையும் அழைத்துச் சென்றார்கள். அவர் புளோரிடாவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர். இந்து. அமெரிக்கக் கிராமத்து ஆராதனை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்.

அவருடைய தோல் நிறத்தைப் பார்த்ததும் சபையில் சலசலப்பு. கறுப்பினத்தவர் ஒருவரைக் கூட்டிவந்துவிட்டார்கள் என்று பலர் கொதித்தார்கள். அந்த விவகாரத்தைத் தொடர்ந்து, கொய்னோனியா உறுப்பினர்களை நீக்கச் சபை வாக்களித்தது.

யோசித்துப் பாருங்கள். அன்று அந்த வாசலில் நீங்களோ நானோ நின்றிருந்தால்? நம்மையும் அதே கண்ணோடுதான் பார்த்திருப்பார்கள்.

பின்னர் அந்தப் பண்ணைமீது துப்பாக்கிச் சூடு நடந்தது, வெடிகுண்டு வீசப்பட்டது. உள்ளூர் வணிகர்கள் பொருள் விற்க மறுத்தார்கள். பண்ணைக்காரர்கள் பீக்கன் கொட்டைகளை அஞ்சல் வழி விற்றுப் பிழைத்தார்கள். அங்கே உருவான சிந்தனையிலிருந்துதான் மில்லர்ட், லிண்டா ஃபுல்லர் தம்பதி 1976இல் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பைத் தொடங்கினார்கள். ஆம், ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் அதே அமைப்பு. உங்களில் சிலர் அதில் தொண்டூழியம்கூடச் செய்திருக்கலாம்.

1976: பூட்டிய கதவு

இப்போது பிளெய்ன்ஸுக்குத் திரும்புவோம்.

1960களில் கறுப்பின இளையர்கள் தெற்கில் வெள்ளையர் ஆலயங்களின் வாசலுக்குச் சென்று, "உள்ளே வழிபட அனுமதிப்பீர்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். உள்ளே விடாவிட்டால் படிக்கட்டிலேயே முழங்காலிட்டு ஜெபித்தார்கள். பல சபைகள் அவசர அவசரமாகத் தடைத் தீர்மானங்களை நிறைவேற்றின.

1965இல் பிளெய்ன்ஸ் பாப்டிஸ்ட் சபையும் அதைத்தான் செய்தது. கறுப்பினத்தவரையும் உரிமைப் போராட்டக்காரர்களையும் ஆராதனைக்குள் விடக்கூடாது என்று தீர்மானம். கார்ட்டர் குடும்பத்தினர் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களோடு சேர்ந்து எதிர்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பதினோர் ஆண்டுகள் ஓடின. கார்ட்டர் அதிபர் வேட்பாளரானார். 1976 அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை. தேர்தலுக்கு இரண்டே நாள். அருகிலிருக்கும் ஆல்பனி நகரைச் சேர்ந்த கிளெனன் கிங் என்ற கறுப்பினப் போதகர், அந்தச் சபையில் சேர விரும்பி வந்தார்.

டீக்கன்கள் என்ன செய்தார்கள்? ஆராதனையையே ரத்து செய்துவிட்டார்கள்.

செய்தி நாடு முழுவதும் பரவியது. தேர்தல் நேரத்தில் திட்டமிட்டுச் செய்த வேலை என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் கேள்வி அப்படியே நின்றது: வந்தவரின் நோக்கம் என்னவாக இருந்தாலும், கதவு ஏன் பூட்டியிருந்தது?

கார்ட்டர் சபையை விட்டு விலக வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. விலகப் போவதில்லை, உள்ளே இருந்தே மாற்ற முயல்வேன் என்றார் அவர். தேர்தலில் வென்ற பிறகு, நவம்பர் 14ஆம் தேதி சபை கூடி மீண்டும் வாக்களித்தது. அந்த முறை தடை நீங்கியது.

பாப்டிஸ்ட் சபைகளில் உறுப்பினர்களே முடிவெடுப்பார்கள் என்று சொன்னோமே, நினைவிருக்கா? 1965இல் கதவை மூடியது அந்த வாக்குரிமைதான். 1976இல் திறந்ததும் அதேதான்.

திறந்த பிறகு என்ன ஆச்சு?

எல்லாரும் கைகுலுக்கிச் சமாதானமாகவில்லை. தடையை நீக்கப் பாடுபட்ட போதகர் புரூஸ் எட்வர்ட்ஸுக்கு எதிர்ப்பு வலுத்தது. 1977இன் தொடக்கத்தில் அவர் பதவி விலகினார். அதே ஆண்டில் உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் வெளியேறிப் புதிய சபையைத் தொடங்கினார்கள். எல்லா இனத்தவரையும் வரவேற்போம் என்றார்கள். பெயர் மாரநாதா பாப்டிஸ்ட். "எங்கள் ஆண்டவரே, வாரும்" என்று பொருள்படும் அராமிக் சொல் அது.

573 பேருள்ள ஊரில் ஏன் இத்தனை ஆலயங்கள் என்று தொடக்கத்தில் கேட்டோம். ஒரு பாப்டிஸ்ட் ஆலயம் இரண்டான கதை இதுதான்.

அதிபர் பதவி முடிந்து 1981இல் ஊர் திரும்பிய கார்ட்டர் தம்பதி மாரநாதாவில் சேர்ந்தார்கள். அங்கே கார்ட்டர் 2019ஆம் ஆண்டு வரை ஞாயிறு பள்ளி ஆசிரியராக இருந்தார். முன்னாள் அதிபரிடம் பைபிள் பாடம் கேட்க வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் வந்தார்கள். இடம்பிடிக்க விடிவதற்கு முன்பே வரிசையில் நின்றார்கள்.

2000இல் கார்ட்டர் இன்னொரு முடிவெடுத்தார். பெண்கள் போதகராக முடியாது என்று சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் தன் கொள்கை அறிக்கையில் சேர்த்தது. அதை ஏற்க முடியாமல் அந்த அமைப்புடனான உறவை முறித்துக்கொண்டார். மாரநாதாவில் ரோசலின் டீக்கனாகவே பொறுப்பேற்றார்.

2019இல் அந்தச் சபைக்குப் போதகராக வந்தவர் டோனி லோடன். மாரநாதாவின் முதல் கறுப்பினப் போதகர். ரோசலின், ஜிம்மி கார்ட்டர் இருவரின் இறுதி வழிபாடுகளிலும் அவர் முக்கியப் பங்காற்றினார்.

இப்போது நிலைமை எப்படி?

சட்டப்படி எந்தக் கதவும் பூட்டியில்லை. இருந்தாலும் தெற்கத்திய சிற்றூர்களில் பெரும்பாலான ஆலயங்களில் ஒரே இனத்தவர்தான் நிறைந்திருப்பார்கள். அதற்கு வெறுப்பு மட்டும் காரணமில்லை. தாத்தா பாட்டி கட்டிய ஆலயம், பழகிய பாட்டு, பக்கத்திலேயே குடும்பக் கல்லறை. யாருக்குத்தான் விட்டுப் போக மனசு வரும்? கறுப்பினத்தவருக்குத் தங்கள் ஆலயம் கோயில் மட்டும் இல்லை. ஒரு காலத்தில் பள்ளி, கூட்ட அரங்கு, போராட்டக் களம் எல்லாமே அதுதான்.

ஆல்பனி நகரில் 1961, 1962ஆம் ஆண்டுகளில் நடந்த உரிமைப் போராட்டத்தில் மக்கள் பாடியபடியே கைதானார்கள். பெரும்பாலும் ஆலயத்தில் பழகிய மெட்டுகள், சொற்கள் மட்டும் புதியவை. ஒருவர் எடுத்துக்கொடுக்க எல்லாரும் பாடும் அந்தப் பழைய முறை அங்கே தெருவுக்கு வந்தது.

புதிய பிரிவுகளும் நின்றபாடில்லை. ஒருபாலின உறவு குறித்த கருத்து வேறுபாட்டால் 2019க்கும் 2023க்கும் இடையில் யுனைட்டெட் மெத்தடிஸ்ட் சபையின் அமெரிக்க ஆலயங்களில் ஏறக்குறைய கால்வாசி விலகின. அவற்றில் தென் மாநில ஆலயங்கள் ஏராளம்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1844இல் மெத்தடிஸ்ட் சபை இரண்டானது என்று பார்த்தோமல்லவா? அதில் வடக்குப் பகுதியின் மிஷனரிகள்தான் 1885இல் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம். அவர் 1886இல் தொடங்கியதுதான் ஆங்கிலோ-சீனப் பள்ளி. 1887இல் சோஃபியா பிளாக்மோர் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது இந்தியச் சிறுமிகளோடு தொடங்கிய பள்ளி, இன்றைய மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளி.

தமிழ் மெத்தடிஸ்ட் சபைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேரூன்றியதும் அந்த வழியில்தான். 1968இல் நம் வட்டார மெத்தடிஸ்ட் சபை அமெரிக்காவிடமிருந்து பிரிந்து தனித்து இயங்கத் தொடங்கியது. 1976இல் சிங்கப்பூர், மலேசியா என இரண்டானது. அதனால் அங்கே இப்போது நடக்கும் பிரிவு இங்குள்ள சபைகளைக் கட்டுப்படுத்தாது.

ஒரு ஆலயத்தைப் பார்த்ததும் எப்படிப் புரிந்துகொள்வது?

அடுத்த முறை அமெரிக்கத் தொடரிலோ படத்திலோ ஒரு சின்ன வெள்ளை ஆலயம் வந்தால், இவற்றைக் கவனியுங்கள்:

- மேடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கா? பெரும்பாலும் பாப்டிஸ்ட்.
- கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம், திருவிருந்தில் திராட்சைச் சாறு? மெத்தடிஸ்டாக இருக்கலாம்.
- ஏ.எம்.ஈ. என்ற மூன்றெழுத்து? அடிமைமுறைக் காலத்திலேயே எழுந்து வெளிநடந்தவர்களின் சபை.
- டிரம்ஸ், உயர்த்திய கைகள், அந்நிய பாஷை? பெந்தெகொஸ்தே.
- ஒரு கருவிகூட இல்லாமல் குரல் மட்டும்? சர்ச்சஸ் ஆஃப் கிரைஸ்ட் அல்லது பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட்.
- ஒரே பெயரில் இரண்டு ஆலயங்கள் அருகருகே இருக்கா? இரண்டும் எந்த ஆண்டில் தொடங்கின என்று பாருங்கள். அந்த ஊரின் கதை அங்கிருந்தே உங்களுக்குக் கிடைக்கும்.